நிற்பவனும் உட்கார்ந்திருப்பவனும்

ஆடிப் பூரத்துக்கு மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஹோட்டலுக்குச் சாப்பிடப் போனேன். தேருக்கு வந்த கூட்டம் இன்னும் வடியவில்லை. உட்கார இடமில்லாமல் நாலைந்து பேர், சாப்பிடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, யார் கை முதலில் காயும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அதில் ஒருவன். சப்ளையர் என்னைப் பார்த்தான். சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடந்தது. அதன் மேல் ஒரு தண்ணீர் ஜக்கு. ஜக்கைத் தரையில் இறக்கினான். தோளில் கிடந்த துண்டால் ஸ்டூலை ஒரு தட்டுத் தட்டினான். மேஜை மூலையில் எனக்கு இழுத்துப் போட்டு, "உக்காருங்க அண்ணாச்சி" என்றான். உட்கார்ந்தேன். இரண்டு இட்லி உள்ளே போன பிறகுதான், அந்த ஸ்டூல் யாருக்காக அங்கே கிடந்தது என்பது எனக்கு உறைத்தது. அது அவனுடைய ஸ்டூல். சட்டம் அவனுக்குக் கொடுத்தது.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டசபை, 1947-ஆம் வருஷத்துக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. வேலை செய்கிற இடத்தில் எல்லோருக்கும் உட்கார வசதி இருக்கவேண்டும், வேலைக்கு நடுவில் சந்தர்ப்பம் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்காரலாம், நாள் பூராவும் காலில் நிற்கும்படி வைக்கக்கூடாது என்பது அதன் சாரம். கேரளம் இதை 2018-இல் செய்தது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் துணிக்கடைகளில் வேலை பார்த்த பெண்கள், தையல் தொழில் செய்த விஜி என்பவர் தொடங்கிய 'பெண்கூட்டு' மூலம் கழிப்பறைக்காகவும் நாற்காலிக்காகவும் வருஷக்கணக்கில் போராடியதன் பலன் அது. இங்கிலாந்தில் 1899-இலேயே ஒரு சட்டம் வந்தது. கடைகளில் மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கை வீதம் போடவேண்டும் என்றது. ஆண்பிள்ளைக்குக் கால் வலிக்காது என்று அந்தக் காலத்துச் சட்டசபைக்கு ஒரு நம்பிக்கை இருந்திருக்கவேண்டும்.

ஹோட்டல்களுக்கென்று நம் மாகாணத்தில் 1958-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. வேலை நேரத்துக்கு வரம்பு, வார விடுமுறை, சுத்தம், இவையெல்லாம் அதில் உண்டு. ஸ்டூல் எந்தச் சட்டத்தின் கணக்கில் வருகிறது என்பதை வக்கீல்கள் பேசிக்கொள்ளட்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் முதலாளி வாங்கிப் போட்டுவிட்டார். சட்டம் அனுசரிக்கப்பட்டது. அதன் மேல் ஜக்கு உட்கார்ந்தது. பிறகு நான் உட்கார்ந்தேன்.

ஹோட்டல் ஊழியர் பாதுகாப்பு என்பது லேபர் ஆபீஸ் சமாச்சாரம், கவிதையும் விமர்சனமும் வருகிற பத்திரிகையில் இதற்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அவர்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்தவேண்டும். நம்முடைய இலக்கியப் பேச்சில் பாதி ஹோட்டல் மேஜைகளில் நடந்திருக்கிறது. ஒரு காப்பியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் இருத்தலியம் பேசியிருக்கிறோம். பேசிய ஒவ்வொரு சமயமும் இரண்டு கஜ தூரத்தில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். அவன் நின்றது நம் விவாதத்தில் வரவேயில்லை. பிரச்னை அந்த அளவுக்குப் பக்கத்தில் இருந்தது என்பதே, அதைப் பற்றி இங்கே எழுதுவதற்குப் போதுமான காரணம்.

○

இன்னொரு ஹோட்டல். இது ராஜபாளையத்தில், முப்பது வருஷங்களுக்கு முன்னால். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். மத்தியானச் சாப்பாட்டு நேரம். வெளியே தென்காசி பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது. எனக்கு இலையில் சோறு விழுந்துவிட்டது, சாம்பார் வரவில்லை. சப்ளை செய்த பையனுக்குப் பதினாறு வயது இருக்கலாம். அடுப்படிக்கும் பந்திக்கும் நடுவில் ஒரு படி. அதிகம் உயரமில்லை, நாலு விரற்கடை. அந்தப் படிக்கு இந்தப் பக்கம் டேபிள் துடைக்கிற பையன் எச்சில் தட்டுகளோடு போவான். அந்தப் பக்கத்திலிருந்து சாம்பார் வாளி வரும். இரண்டு பேருக்கும் வாசல் ஒன்றுதான். தரையில் தண்ணீர், எண்ணெய்ப் பிசுக்கு. "தம்பி, சாம்பார், பஸ் போயிரும்" என்று நான் கூப்பிட்டேன். இரண்டாவது தடவை கொஞ்சம் உரக்கவே கூப்பிட்டேன்.

வந்தான். படி தட்டியது. சாம்பார் அவன் தொடையிலும் முழங்காலிலும் பாதத்திலும் கொட்டியது. வெந்நீர் பட்டால் வழிந்து ஓடிவிடும். சாம்பார் அப்படியல்ல, பருப்பு தோலோடு ஒட்டிக்கொண்டு சூட்டை விடாமல் வைத்திருக்கும். அறுபது டிகிரிச் சூட்டில் தண்ணீர் ஐந்து விநாடி தோலில் நின்றாலே ஆழமாக வெந்துவிடும் என்கிறார்கள் வைத்தியர்கள். அடுப்பிலிருந்து இறங்கிய சாம்பார் அறுபது டிகிரியைவிட வெகு மேலே. யாரோ இட்லி மாவை அள்ளிக்கொண்டு வந்து அப்பினார்கள். இன்னொருவர் இங்க் கேட்டார். செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: குழாயடியில் காலை நீட்டி, இருபது நிமிஷம் பச்சைத் தண்ணீர் ஓடவிடுவது. எங்கள் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தம்ளர் தண்ணீர் இருந்தது. ஒருவரும் அதை எடுத்து அவன் காலில் ஊற்றவில்லை. எனக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

முதலாளி நல்ல மனுஷர். கல்லாவை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்து, தன் காரிலேயே அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார். நான் காசு கொடுக்கப் போனபோது, "சாப்பாடு பாதியில நின்னு போச்சு, காசு வேண்டாம்" என்றார். நான் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். ஜன்னலோரம் இடம்கூடக் கிடைத்தது.

ஏழெட்டு மாதம் கழித்து மறுபடியும் அதே ஹோட்டல். பையனைப் பற்றி விசாரித்தேன். ஆஸ்பத்திரிச் செலவு முழுக்கத் தானே பார்த்துக்கொண்டதாகவும், கையில் கொஞ்சம் பணம் கொடுத்து ஊருக்கு அனுப்பிவைத்ததாகவும் முதலாளி சொன்னார். "எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி பாத்துக்கிட்டோம்." அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணில் அந்தச் சம்பவத்தின் வருத்தம் இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு புதுப் பையன் சாம்பார் வாளியோடு வந்தான். படி அங்கேயேதான் இருந்தது.

அந்தப் படியைத்தான் இத்தனை வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பையனுக்குச் செலவு செய்த மனுஷர் ஏன் படியை இடிக்கவில்லை? ஒரு கொத்தனார், அரை மூட்டை சிமெண்ட், ஒரு நாள் வேலை. ஆஸ்பத்திரிச் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகியிருக்காது. கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது. எனக்குக் கிடைத்த விடை இதுதான்: கருணை மனுஷனைப் பார்க்கிறது, படியைப் பார்ப்பதில்லை. கருணைக்கு ஒரு முகம் வேண்டும், ஒரு அலறல் வேண்டும், வெந்த கால் வேண்டும். அது எப்போதும் பிறகுதான் வரும். படியை இடிப்பவன் யாருக்காக இடிக்கிறான்? இன்னும் விழாத ஒருவனுக்காக. இன்னும் வேலைக்கே வந்து சேராத, முகம் தெரியாத, ஒருவேளை கடைசிவரை விழாமலேயே போய்விடக்கூடிய ஒருவனுக்காக. இப்படி ஒருவனை நேசிப்பது நம் சுபாவத்தில் இல்லை. அதனால்தான் அதற்குச் சட்டம் தேவைப்படுகிறது.

○

சட்டத்துக்குப் பயந்து செய்கிற காரியத்தில் அறம் எங்கே இருக்கிறது என்ற கேள்வியைப் பெரிதாக எழுப்பியவர் கான்ட். 1785-இல் வந்த நூலில் அவர் ஒரு கடைக்காரனை உதாரணம் காட்டுகிறார். விவரம் தெரியாத குழந்தை வந்தாலும் அவன் ஏமாற்றுவதில்லை. எல்லோருக்கும் ஒரே விலை. ஆனால் பேர் கெட்டால் வியாபாரம் கெடும் என்பதற்காக அவன் நேர்மையாக இருந்தால், அவன் செய்தது கடமைக்கு ஒத்த காரியமே தவிர, கடமைக்காகச் செய்த காரியமல்ல. அதில் தார்மிக மதிப்பு இல்லை என்பது கான்ட்டின் முடிவு. இதன்படி பார்த்தால், லேபர் இன்ஸ்பெக்டர் வருவார் என்று ஸ்டூல் வாங்கிப்போட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் முதலாளிக்குப் பூஜ்யம். ராஜபாளையத்து முதலாளி? கான்ட்டின் தராசில் அவருக்கும் மார்க் விழாது. அனுதாபத்தால் செய்கிற நல்லதையும் கான்ட் கடமையாகக் கருதவில்லை. ஆனால் நம் மனசு அவருக்கு முழு மார்க் கொடுத்துவிடுகிறது. நாம் கருணைக்கு மயங்குகிறவர்கள்.

எனக்குக் கான்ட்டோடும் ஒரு வழக்கு இருக்கிறது, நம் மனசோடும் ஒரு வழக்கு இருக்கிறது. செய்கிறவனுடைய உள்ளத்தை மட்டுமே எடைபோட்டுக்கொண்டிருந்தால், கொதிக்கிற வாளியைத் தூக்குகிறவன் விசாரணையிலிருந்து விழுந்துவிடுகிறான். முதலாளியின் ஆன்மா சுத்தமா என்பது அவனுக்குத் தேவையில்லாத விஷயம். அவனுக்குத் தேவை, தரை சமமாக இருப்பது, உள்ளே போகவும் வெளியே வரவும் தனி வழி, வாளிக்கு ஒரு மூடி, வழுக்காத செருப்பு, வெளிச்சம், தீப்புண்ணுக்கு என்ன செய்யவேண்டும் என்று தெரிந்த ஒருவர், கேஸ் சிலிண்டர்கள் அடுப்பை ஒட்டி நிற்காமல் காற்றோட்டமான வெளி இடத்தில் இருப்பது. பேர் ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டிருப்பதும் இதில் சேர்த்தி. பேர் இல்லாதவன் விழுந்தால், அவன் அங்கே விழுந்தான் என்பதற்கே அத்தாட்சி கிடையாது. 1923-லிருந்தே இந்த நாட்டில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் உண்டு. ஆனால் நஷ்டஈடு கேட்க, முதலில் தான் அங்கே வேலை பார்த்ததை அவன் காட்டியாகவேண்டும். 'வீட்டுப் பிள்ளை'க்குப் பதிவேடு ஏது? யாரும் வீட்டில் பிள்ளைகளுக்கு வருகைப் பதிவேடு வைப்பதில்லை. அன்பு நிறைந்த அந்த வாக்கியத்தின் இன்னொரு பக்கம் இது.

உரிமை என்பது உறவைவிட வறண்ட சொல்தான். ஆனால் அந்த வறட்சிதான் அதன் பலம். முதலாளிக்குப் பிடிக்காதவனுக்கும் அது உண்டு. எதிர்த்துப் பேசுகிறவனுக்கும், வேலையில் மந்தமானவனுக்கும், இப்போது நம் ஹோட்டல்களில் நிறையப் பார்க்கிற ஒடிசாக்காரனுக்கும் பீகார்க்காரனுக்கும், 'அண்ணாச்சி' என்று கூப்பிடத் தெரியாதவனுக்கும் உண்டு. நேசிக்க முடியாதவர்களுக்கும் தீங்கு வராமல் பார்த்துக்கொள்வதற்கு மனிதன் கண்டுபிடித்த உபாயம் விதி. பயத்தால் போடப்பட்ட ஸ்டூலை நான் குறைவாக மதிப்பிட மாட்டேன்.

முதலாளியை வில்லனாக்கும் உத்தேசமும் எனக்கு இல்லை. சின்ன ஹோட்டல் நடத்துகிறவன் வாடகைக்கும் பருப்பு விலைக்கும் 19 கிலோ சிலிண்டருக்கும் நடுவில் மூச்சுவிடுகிறவன். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ராவோடு ராவாகப் போய்விடுகிற மாஸ்டர்களை வைத்துக்கொண்டு கடையைத் திறக்கிறவன். 2020-இல் நிறைவேறி 2025 நவம்பர் 21-லிருந்து அமலுக்கு வந்திருக்கிற பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பொதுவாகப் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடங்களைத்தான் கணக்கில் எடுக்கிறது. ஏழு பேர் வேலை செய்கிற ஹோட்டல் அதற்கு வெளியே நிற்கிறது. அங்கே சாம்பார் கொஞ்சம் ஆறியிருக்கும் என்று அர்த்தமில்லை.

காயத்துக்குப் பிறகு வரவேண்டியதை நாம் நன்றாகவே செய்கிறோம் என்பதற்கு இந்த வட்டாரமே சாட்சி. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி. தறிகளில் கட்டுத்துணி நெய்கிற ஊர். அங்கே நெய்த பேண்டேஜ் எந்தெந்த ஊர் ஆஸ்பத்திரிகளிலோ காயங்களைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்னொரு பக்கம் சிவகாசி. அங்கே 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். நாடு முழுக்கக் கேட்டது. ஒரு அறைக்கு எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்றெல்லாம் அங்கே விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன, மீறப்படுகின்றன, மறுபடியும் பேசப்படுகின்றன. வெடிச் சத்தம் விதியை எழுதவைக்கிறது. சாம்பார் கொட்டுவதற்குச் சத்தமில்லை. தண்ணீரில் ஊறி விரலிடுக்கில் வருகிற சேற்றுப்புண்ணுக்குச் சத்தமில்லை. இருபது வருஷம் நின்றதில் கெண்டைக்காலில் நீலமாக முறுக்கிக்கொண்டு கிளம்புகிற நரம்புக்குச் சத்தமில்லை. ஒவ்வொன்றும் ஒரே ஒரு ஆளுக்கு நடக்கிறது. ஒருவருக்கு நடப்பது தலைவிதி என்றும், முப்பது பேருக்கு நடப்பது விபத்து என்றும் நமக்கு ஒரு கணக்கு இருக்கிறது.

○

இதுவரை முதலாளியையும் சர்க்காரையும் பற்றிச் சொன்னேன். எல்லாப் பாதுகாப்புச் சட்டங்களும் இந்த இரண்டு பேரோடும் தொழிலாளியோடும் முடிந்துவிடுகின்றன. ஆனால் ஹோட்டலில் நான்காவதாக ஒருவன் இருக்கிறான். அவன் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்குப் பசி, அவனுக்கு பஸ். மில்லில் நூல் வாங்குகிறவன் கதிருக்குப் பக்கத்தில் வந்து நின்று 'சீக்கிரம்' என்று கத்துவதில்லை. ஹோட்டலில் மட்டும், வாங்குகிறவனே வேலையிடத்துக்குள் உட்கார்ந்து வேகத்தை நிர்ணயிக்கிறான். ராஜபாளையத்து விபத்துக்கு ஒரு படி காரணம், ஈரத் தரை காரணம், ஒரே வாசல் காரணம். என் குரலும் காரணம். முதல் மூன்றுக்கும் விதி உண்டு. நாலாவதுக்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் பிரிவு கிடையாது.

ஸார்த்ரின் வெயிட்டரை நமக்கெல்லாம் தெரியும். 1943-இல் வந்த பெரிய நூலில் வருகிறான். அவனுடைய அசைவுகள் கொஞ்சம் அதிகப்படியான துரிதம், கொஞ்சம் அதிகப்படியான கச்சிதம். தட்டைக் கழைக்கூத்தாடி மாதிரி சமன்செய்துகொண்டு வருகிறான். அவன் வெயிட்டராக இருப்பதை நடித்துக்கொண்டிருக்கிறான், தன் சுதந்திரத்தைத் தன்னிடமிருந்தே மறைத்துக்கொள்கிறான், இது சுயவஞ்சனை என்பது ஸார்த்ரின் வாதம். இந்த நடிப்பைப் பொதுஜனமே கேட்டு வாங்குகிறது, கனவு காண்கிற மளிகைக்கடைக்காரனை வாடிக்கைக்காரனுக்குப் பிடிப்பதில்லை என்பதையும் அவர் சொல்லியிருக்கிறார். அந்த அளவுக்கு நியாயமாகவே இருக்கிறார். ஆனால் அவர் இதை மேஜையில் உட்கார்ந்து பார்த்தவர். யுத்த காலத்தில் பாரிஸின் ஃப்ளோர் கஃபேயில் உட்கார்ந்து எழுதியவர். உட்கார்ந்திருப்பவனுக்கு வெயிட்டரின் கை தெரிகிறது, முகம் தெரிகிறது, குனிவு தெரிகிறது. பாதம் மேஜைக்குக் கீழே. தரை ஈரமா என்பது தெரியாது. அந்தத் துரிதம் நடிப்பு என்று அவருக்குப் பட்டது. எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ராஜபாளையத்துப் பையனின் துரிதம் அவனுடைய சுயவஞ்சனை அல்ல. அது என்னுடைய பஸ்.

நாமும் அந்தக் கழைக்கூத்தை ரசித்தவர்கள்தான். 1964-இல் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய 'சர்வர் சுந்தரம்' வந்தது. தம்ளர்களைக் கோபுரமாக அடுக்கிக்கொண்டு வருகிற நாகேஷ் தமிழர்களின் நினைவில் அழியாமல் நிற்கிறார். அவர் கலைஞர், அந்த லாகவம் அவருடைய சம்பத்து. ஆனால் அன்றிலிருந்து, கைகொள்ளாமல் அடுக்கிக்கொண்டு வருகிற ஒவ்வொரு சப்ளையரையும் நாம் ஒரு வித்தையாகப் பார்க்கப் பழகிவிட்டோம். வித்தை பார்க்கிறவனுக்கு, விழுந்துவிடுவானோ என்பதே சுவாரஸ்யத்தின் ஒரு பகுதி. ஒரே நடையில் இத்தனை தூக்குகிறானே என்று வியக்கிறோம். இரண்டு நடையாக எடுத்து வந்தால் 'ஏன் இவ்வளவு நேரம்' என்று கேட்கிறோம்.

ஏன் அவன் அந்த ஸ்டூலில் உட்காரவில்லை? ஸீமோன் வேய் இதற்குக் கொஞ்சம் உதவுகிறார். தத்துவ ஆசிரியையான அவர் 1934-இன் கடைசியில் பாரிஸில் ஒரு தொழிற்சாலையில் சாதாரணக் கூலியாகச் சேர்ந்தார். அடக்குமுறை தன்னிடம் எதிர்ப்பைக் கிளப்பும் என்றுதான் எதிர்பார்த்திருந்தார். வந்தது எதிர்ப்பல்ல, பணிவு. தனக்கு எதற்காவது உரிமை உண்டு என்ற உணர்ச்சியே கரைந்துபோனதைக் கண்டார். பஸ்ஸில் ஏறி மற்றவர்களைப் போல உட்காருவதுகூட ஏதோ தவறுதலாகத் தனக்குக் கிடைத்த சலுகை என்று தோன்றியிருக்கிறது. காலில் நிற்கிற ஒருவனுக்கு ஸ்டூல் கொடுத்துவிடலாம். அது தன்னுடையது என்ற எண்ணத்தை லேபர் ஆபீஸ் கொடுக்க முடியாது. அதைப் பிடுங்கியது யார் என்று பார்த்தால், மேஜையில் உட்கார்ந்திருக்கிற என் பக்கம் வந்து நிற்கிறது.

நம் தேசத்தில் உட்காருவது வெறும் உடம்பின் காரியமாக என்றைக்குமே இருந்ததில்லை. யார் எதிரில் யார் உட்காரலாம் என்பதுதான் நம் சமூக சாஸ்திரம். ஹோட்டல் என்பதே இந்தச் சண்டை நடந்த இடம். பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். கிராமத்து டீக்கடையில் இரட்டைத் தம்ளர். 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பெயர்ப் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். பலகை இறங்கியது. எல்லோரும் எல்லோருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கமாயிற்று. இது பெரிய வெற்றி, சந்தேகமேயில்லை. ஆனால் இந்தச் சண்டை முழுவதும் சாப்பிடுகிறவர்களுக்கு நடுவில் நடந்தது. சமத்துவம் மேஜை வரைக்கும் வந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் உட்காரலாமா என்ற கேள்வி சட்டமாக வர 2021 ஆகவேண்டியிருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் முதலாளியிடம் கை கழுவிக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன். சப்ளையர் அந்த ஸ்டூலில் உட்காருவதில்லையா என்று கேட்டேன். அவர் மழுப்பவில்லை. "நான் ஒண்ணும் சொல்றதில்லீங்க. ஆனா வர்றவங்க, சப்ளையர் உக்காந்திருந்தா கடையில யாவாரம் இல்ல, பண்டம் பழசு போலன்னு நினைச்சுக்கிட்டுத் திரும்பிப் போயிர்றாங்க." யோசித்துப் பார்த்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். நிற்கிற ஆள் எனக்கு ஒரு விளம்பரம். இட்லி சூடாக இருக்கிறது என்பதற்கு அவனுடைய கால் அத்தாட்சி. அவன் நிற்பதால் எனக்கு ஒரு உபயோகமும் இல்லை, இலையில் எல்லாம் விழுந்துவிட்டது, இருந்தாலும் நிற்கவேண்டும். விலைப்பட்டியலில் இல்லாத ஒரு பண்டத்தை நான் இட்லியோடு சேர்த்து வாங்குகிறேன்.

சப்ளையரை இதுவரை 'அவன்' என்றே எழுதி வந்திருக்கிறேன். ராஜபாளையத்துப் பையன் பதினாறு வயதுக்காரன், சரி. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்கு நாற்பது வயதுக்குக் குறையாது, காதோரம் நரைத்திருந்தது. என்னை 'அண்ணாச்சி' என்றார். முதலாளியை 'அவர்' என்று எழுதிய அதே பேனா இவரை 'அவன்' என்று எழுதியிருக்கிறது. இந்த இடத்துக்கு வரும்வரை எனக்கே தெரியவில்லை. முன்னால் போய்த் திருத்தவில்லை. அப்படியே கிடக்கட்டும். எந்த ஆய்வாளரும் கண்டுபிடிக்க முடியாத மீறல்கள் எங்கே இருக்கின்றன என்பதற்கு இது ஒரு அத்தாட்சி.

புறப்படும்போது ஸ்டூலை எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டு, "நீங்க கொஞ்சம் உக்காருங்க" என்று அவரிடம் சொன்னேன். கூச்சத்தோடு சிரித்தார். "இருக்கட்டும் அண்ணாச்சி" என்றார். எனக்கும் கூச்சமாக இருந்தது. நான் சொன்னது கருணைதான், இன்னொரு வடிவத்தில். என்னுடைய ஸ்டூலை அவருக்குக் கொடுக்கிற தோரணை என் குரலில் இருந்தது. அது முதலிலிருந்தே அவருடையது. ஜக்கு மறுபடியும் அதன் மேல் ஏறியது.

பரிகாரம் ஒன்றும் கைவசம் இல்லை. குற்றாலச் சீசனும், கார்த்திகை மார்கழியில் அச்சன்கோவில் வழியாகச் சபரிமலைக்குப் போகிற கூட்டமும் இந்த ரோட்டில்தான் போகின்றன. அந்த நாட்களில் இந்த ஹோட்டல்களில் விடியற்காலையிலிருந்து நடுராத்திரி வரைக்கும் வாளிகள் ஓடும். அப்போது எந்தத் தத்துவமும் தரையைத் துடைக்காது. தரையைத் துடைக்க ஒரு ஆள் போடவேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும், அந்தச் சம்பளம் இட்லி விலையில் ஏறினால் நாம் முணுமுணுக்காமல் கொடுக்கவேண்டும், சாம்பார் இரண்டு நிமிஷம் தாமதமாக வந்தால் காத்திருக்கவேண்டும். இதெல்லாம் பெரிய தியாகங்கள் அல்ல. எவ்வளவு சின்ன விஷயம் என்பதுதான், இத்தனை வருஷம் செய்யாததை இன்னும் மோசமாக்குகிறது.

போன மாதம் ராஜபாளையம் போயிருந்தேன். அந்தப் பழைய ஹோட்டல் இப்போது இல்லை. அந்த இடத்தில் செல்போன் கடை. பழைய பந்திதான் கடையின் முன்பக்கம். அடுப்படி இருந்த இடத்தில் ரிப்பேர் பார்க்கிறார்கள். என் போனுக்குக் கண்ணாடி மாற்றவேண்டியிருந்ததால் உள்ளே போகச் சொன்னார்கள். கவுண்டருக்குப் பின்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன் மேல் அட்டைப் பெட்டிகள்.

"பாத்து வாங்க சார், படி இருக்கு" என்றாள்.